கல்லைத் தள்ளியது எது

என் கல் மட்டும் நகரவில்லை.

அதே தொட்டி, அதே புரோப், அதே பட்டன். எனக்கு முன்னால் இந்த மேஜையில் வேலை பார்த்தவர் அழுத்தியபோது மேடையில் போட்டிருந்த சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கல் ஓடியிருக்கிறது. அதற்கு வீடியோ இருக்கிறது. நான் அழுத்தினால் லேசாகச் சிலிர்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடும், சாப்பிட்டு முடித்தும் எழுந்து போக மனமில்லாத சொந்தக்காரர் மாதிரி.

கல் என்றால் நாங்களே செய்த கல். பிளாஸ்டரையும் சுண்ணாம்புத் தூளையும் குழைத்து, பட்டாணி அளவுக்கு உருட்டிக் காயவைத்தது. சிறுநீரகக் கல்லுக்குப் பதிலாள். மீன் தொட்டியைவிடக் கொஞ்சம் நீளமான கண்ணாடித் தொட்டியின் ஒரு முனையில் புரோப் இருக்கும். ஆஸ்பத்திரியில் வயிற்றில் வைத்து ஸ்கேன் எடுப்பார்களே, அதற்கு அண்ணன் முறை. மறுமுனையில் சின்ன மேடை, அதன்மேல் கல். பட்டனை அழுத்தினால் காதுக்குக் கேட்காத சத்தம் தண்ணீர் வழியே போய்க் கல்லில் மோதும். மோதிய அலை தான் சுமந்து வந்த உந்தத்தைக் கல்லிடம் விட்டுவிட்டுத் திரும்பும். கல் பின்னால் தள்ளப்படும். இதை வைத்து, கத்தி போடாமலே சிறுநீரகத்தின் மூலையில் கிடக்கும் கல்லை வெளியேறும் வழிக்குத் தள்ளிவிடலாம் என்பதுதான் எங்கள் கம்பெனியின் கனவு.

கனவு கண்டவருக்கு ஆய்வகத்தில் தங்கக் கை என்று பெயர். அவர் தொட்ட பரிசோதனை எதுவும் தோற்றதில்லையாம். பதவி உயர்வு கொடுத்து அவரை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டு, அந்த மேஜையில் என்னை உட்கார வைத்தார்கள். அவர் எடுத்த அளவைத் திரும்ப எடுத்துக் காட்டுவதுதான் என் வேலை.

"கல்லு நகர்ந்துச்சா?" காலையில் படியிறங்கி வந்து கேட்பார்.

"இல்ல சார்."

"தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு ஆற வெச்சியா? காத்து இருந்தா சத்தம் சிதறிடும்."

"வெச்சேன் சார்."

"புரோப் நேரா இருக்கா?"

"இருக்கு சார்."

அப்புறம் என் கைகளைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வேலைக்கு எடுத்த அன்று "வீட்ல யாராச்சும் படிச்சிருக்காங்களா?" என்று கேட்டவர் அவர்தான். "நான் படிச்சிருக்கேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

டைரக்டர் சுற்றி வளைத்துப் பேசமாட்டார். "வெள்ளிக்கிழமை கிட்னி டாக்டர் வர்றாரு. அவருக்குப் பிடிச்சிருந்தா நோயாளிங்க மேல போட்டுப் பார்க்க அவரோட ஆஸ்பத்திரிலயே ஏற்பாடு ஆகிடும். அன்னைக்குக் கல்லு நகரணும்மா. உன்னோட ஒப்பந்தமும் அன்னைக்குத்தான் முடியுது, தெரியும்ல?"

தெரியும். இந்தக் கம்பெனியில் யாரையும் கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்புவதில்லை. திங்கட்கிழமை காலை வாசலில் அட்டையைக் காட்டும்போது பச்சைக்குப் பதிலாகச் சிவப்பு விளக்கு எரியும். அவ்வளவுதான். காவலாளிகூட முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வார்.

ஸ்டோர் அக்கா மட்டும்தான் என்னை ஒரு ஆளாக மதித்தாள். அவள் ஜன்னலில் போய் நின்றுதான் பிளாஸ்டிக் ஃபிலிம் கேட்டேன், மிச்சச் சாப்பாட்டின் மேல் இழுத்து மூடுவோமே, அந்த மெல்லிய தாள்.

"இது லேப்பா, உன் வீட்டு ஃபிரிட்ஜா?" என்றாள். "லிஸ்ட்ல கிடையாது போடி. கடையில வாங்கிக்க."

வாங்கிக்கொண்டேன். காரணம் சின்னது. பிளாஸ்டர் கல் தண்ணீரில் ஊறினால் தூள் விடும். தண்ணீர் பால் மாதிரி கலங்கிவிடும். காற்றில்லாத தண்ணீர் வேண்டும் என்றால் அரை நாள் கொதிக்கவைத்து ஆறவைக்க வேண்டும். அதை அப்படியே சாக்கடையில் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. வாளித் தண்ணீரில் முகம் கழுவி, அதே தண்ணீரில் துணி அலசி, அதையே தரைக்கு ஊற்றிய வீடு எங்களுடையது. அதனால் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஃபிலிமை இழுத்துக் கட்டி, கல்லுக்கு ஒரு விரல் முன்னால் தொட்டிக்குள் தடுப்பாக நிறுத்தினேன். கல் இருக்கும் சின்னப் பக்கம் மட்டும் கலங்கும். அந்தத் தண்ணீரை மட்டும் மாற்றினால் போதும். சத்தம் ஃபிலிமைத் தாண்டிப் போகும். அது அவ்வளவு மெல்லியது. ஊசி மாதிரி ஒரு மைக் இருக்கிறது, தண்ணீருக்குள் கேட்பதற்கு. அதை ஃபிலிமுக்குப் பின்னால் வைத்து அளந்தும் பார்த்துவிட்டேன். சத்தம் துளியும் குறையவில்லை.

அதனால் ஃபிலிமின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. என் மேல்தான் வந்தது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. கல்லிலிருந்து கடுகு அளவில் துணுக்குகள் உதிரும். பட்டனை அழுத்தினால் கல் அசையாது, இந்தத் துணுக்குகள் மட்டும் தத்தித் தத்தி ஓடும். பெரியவன் கிடக்கும் இடத்திலேயே கிடக்கக் குட்டிகள் ஆடுவதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வடிகட்டி எடுத்துக் கொட்டிவிடுவேன்.

வியாழக்கிழமை மதியம் தண்ணீர் மாற்றும்போது சட்டத்தின் முனை இடித்து ஃபிலிம் கிழிந்துவிட்டது. புதிதாகக் கட்டப் பொறுமை இல்லை. நாளைக்கு எப்படியும் மானம் போகப்போகிறது, தண்ணீர் கலங்கினால் என்ன என்று சட்டத்தைத் தூக்கி வெளியே வைத்துவிட்டுப் பட்டனை அழுத்தினேன்.

கல் ஓடியது.

சிவப்புக் கோட்டைத் தாண்டி, மேடையின் விளிம்பில் உருண்டு, தொட்டியின் அடியில் போய் விழுந்தது. நான் கத்திய கத்தலில் ஸ்டோர் அக்கா கையில் டீயோடு ஓடிவந்தாள்.

"யாருக்குடி ஷாக் அடிச்சுது?"

"கல்லு ஓடுச்சுக்கா!"

"ஓடுச்சா? அடிப்பாவி, எல்லாரும் உனக்குக் கை சரியில்லைன்னு சொல்லிட்டு இருந்தாங்க." டீயை என் மேஜையில் வைத்தாள். "குடி. உனக்குத்தான்."

குடித்தேன். மறுபடி கல்லை வைத்தேன், மறுபடி ஓடியது. நாலாவது முறை ஓடியபோது சந்தோஷம் தீர்ந்து கோபம் வந்தது. இத்தனை நாள் என்னை அழவைத்தது சாப்பாடு மூடும் ஒரு தாளா? சத்தம்தான் தாளைத் தாண்டிப் போகிறதே. அப்புறம் தாள் எதைத் தடுத்தது?

தங்கக் கையின் வீடியோவை எடுத்து மெதுவாக ஓடவிட்டேன். இத்தனை நாளும் நூறு முறை பார்த்த வீடியோதான். கல் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தேனே தவிர, எப்போது கிளம்புகிறது என்று பார்க்கவில்லை. சத்தம் தொடங்கியதும் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரியும். விளக்கு எரிகிறது. கல் லேசாகச் சிலிர்க்கிறது. நிற்கிறது. கண் இரண்டு முறை சிமிட்டும் நேரம் சும்மா நிற்கிறது. அப்புறம்தான் ஓடுகிறது.

புரோப்பிலிருந்து கல் ஒரு சாண் தூரம். ஒரு வினாடியைப் பத்தாயிரம் துண்டாக நறுக்கினால், அதில் ஒன்றோ இரண்டோ துண்டு போதும் சத்தம் அங்கே போய்ச் சேர. சத்தம் தள்ளியிருந்தால் விளக்கோடு சேர்ந்து கல் கிளம்பியிருக்க வேண்டும். அந்தச் சிலிர்ப்பு விளக்கோடு வந்தது. ஓட்டம் தாமதமாக வந்தது. தாமதமாக வருகிற ஆள் வேறு ஆள்.

"அக்கா, இங்க் இருக்கா?"

"என்னத்துக்கு? ராஜினாமா எழுதவா?"

நீல இங்க் கொடுத்தாள். புரோப்புக்கு முன்னால் ஒரு சொட்டு விட்டேன். மேகம் மாதிரி தொங்கியது. பட்டனை அழுத்தினேன். மேகம் முதலில் மூக்கு நீட்டியது, அப்புறம் கயிறாக இழுபட்டது, அப்புறம் குழாயிலிருந்து வருவது போலப் பாய்ந்து கல்லின் மேல் போய் மோதியது. அந்தக் கணத்தில்தான் கல் ஓடியது.

தண்ணீர். சத்தம் போகிற வழியில் தண்ணீரும் அதில் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய சத்தம் தண்ணீரையே தள்ளுகிறது. ஒரு சாண் தூரம் தள்ளிக்கொண்டே போனால் அது ஓடையாகிவிடுகிறது. அந்த ஓடைதான் கல்லை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. புதுத் தாளைக் கட்டி நிறுத்தினேன். நீலக் கயிறு தாளில் முட்டிப் பக்கவாட்டில் சுருண்டது. தாளுக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் போனது. கல் சிலிர்த்தது. உட்கார்ந்துகொண்டது.

என் கை சரியாகத்தான் இருந்தது. சத்தத்தின் சொந்தத் தள்ளு எவ்வளவோ, அதைத்தான் நான் இத்தனை நாளும் அளந்துகொண்டிருந்தேன்.

தங்கக் கையைக் கூட்டிவந்து காட்டினேன். நீல இங்க்கைப் பார்த்தார். வீடியோவைப் பார்த்தார். கெட்டிக்காரர்தான், நான் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. காதோரம் சிவந்தது.

"சரி. கல்லு நகருதா, இல்லியா?"

"நகருது சார். ஆனா தண்ணி..."

"கிட்னிலயும் தண்ணி மாதிரிதான் இருக்கு. சத்தம் தள்ளுனா என்ன, தண்ணி தள்ளுனா என்ன? நோயாளிக்குக் கல்லு போனா சரி."

"கிட்னில ஒரு சாண் தண்ணி எங்க சார் இருக்கு? தோலு, சதை, அப்புறம் நேரா கல்லு. கல்லைச் சுத்தி ஒரு விரல் கனம்கூட இருக்காது. சதை ஓடுமா? ஓடை கிளம்பவே இடம் இல்ல. அங்க ஃபிலிம் போட்ட கதைதான்."

அவர் சட்டத்தை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்தார். பத்திரமாக, பீங்கான் தட்டு மாதிரி.

"நாளைக்கு இது வேண்டாம். டாக்டர் போனப்புறம் நிதானமா பேசலாம். உனக்கு வேலை வேணும்ல?" குரலில் மிரட்டல் இல்லை. உண்மையிலேயே எனக்கு நல்லது செய்வதாக நினைத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனால் சித்தப்பா கூடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடுப்பில் வெந்நீர்ப் பையை அழுத்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா போன பிறகு இந்த வீட்டின் ஆம்பளை என்று வெளியில் பெயர். அம்மாவைக் கேட்டால் வீட்டின் மூத்த குழந்தை என்பாள். லாரி ஓட்டுகிறவர். தண்ணீர் குடித்தால் வண்டியை ஓரம் கட்ட வேண்டிவரும் என்று குடிக்காமலே ஓட்டியவர். அந்த ஓட்டத்தில்தான் நான் படித்தேன். அந்த ஓட்டத்தில்தான் அவருக்குக் கல் வந்தது.

"வா டாக்டரம்மா. நாளைக்குப் பெரிய டாக்டர் வர்றாராமே. என் பேரைச் சொல்லி வை. முதல் ஆளு நான்தான்."

"ஆஸ்பத்திரில ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தாங்களே, என்ன சொன்னீங்க?"

"தள்ளிப் போட்டுட்டேன். நம்ம வீட்டுப் பொண்ணு மெஷின் செய்யுது, எனக்கு எதுக்குக் கத்தின்னு சொன்னேன். அந்த நர்ஸு ஒரு பார்வை பார்த்துச்சு பாரு."

சமையலறையில் அம்மா பாத்திரத்தை நங்கென்று வைத்தாள். "ராத்திரி பூரா முனகுறது எனக்குத்தான் கேக்குது. நர்ஸுக்கா கேக்குது?"

அவர் முன்னால் போய் உட்கார்ந்து சொன்னேன். "சித்தப்பா, அந்த மெஷின் உங்க கல்லை நகர்த்தாது. தொட்டில தண்ணி தள்ளிட்டு இருந்திருக்கு. உடம்புக்குள்ள தள்ளாது. நாளைக்கே போய் மறுபடி தேதி வாங்குங்க."

டிவியின் சத்தத்தைக் குறைத்தார். "நாளைக்குக் கல்லு நகரலைன்னா உன்னை அனுப்பிடுவாங்கன்னு சொன்னியே?"

"ஆமா."

"நகர்த்துறதுக்கு வழி இருக்கா?"

"ஃபிலிமை எடுத்துட்டா நகரும்."

"அப்புறம் என்ன? எடுத்துட்டு நகர்த்து." வெந்நீர்ப் பையைப் புரட்டி வைத்தார். "வேலைய காப்பாத்திக்க. என் கல்லு எங்க ஓடிடப் போகுது? இங்கதான் இருக்கும். நான் போய்க் கிழிச்சுக்கறேன்."

"உங்கள மாதிரி இன்னும் எத்தனை பேரு தள்ளிப் போட்டுட்டு உட்கார்ந்திருப்பாங்க?"

"அவங்கெல்லாம் உனக்குச் சோறு போடுறாங்களா?"

எழுந்து மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எரிந்தது. மதியம் தங்கக் கை சொன்னதும் இதுதான், இப்போது சித்தப்பா சொல்வதும் இதுதான். ஒருவர் தன் பெயரைக் காப்பாற்றச் சொன்னார். இன்னொருவர் தன் வலியைத் தூக்கிக் கொடுத்துச் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பட்டனை அழுத்தினால் போதும், எல்லோருக்கும் நிம்மதி. படித்தவள் என்று என்னைக் காட்டி ஒரு மனிதர் ஆபரேஷனைத் தள்ளிப்போடலாம். ஆனால் படித்ததை மட்டும் நான் சொல்லக் கூடாது.

வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். குள்ளமான மனிதர், தூக்கம் போதாத கண். கை குலுக்கிவிட்டு நேராகத் தொட்டிக்கு வந்தார். டைரக்டர் புதுச் சட்டை போட்டிருந்தார். தங்கக் கை என் பக்கத்தில் நின்றார், மிக அருகில்.

ஃபிலிம் இல்லாமல் பட்டனை அழுத்தினேன். கல் ஓடியது.

"பார்த்தீங்களா!" டைரக்டர் குழந்தை மாதிரி கைதட்டினார். டாக்டரும் சிரித்தார். தங்கக் கை மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அன்று மதியம் எனக்கும் பிரியாணியோ கேக்கோ ஏதோ ஒன்று கிடைத்திருக்கும்.

"ஒரு நிமிஷம் சார்" என்றேன். "இது ஏன் ஓடுச்சுன்னு காட்டணும்."

இங்க் விட்டேன். நீலக் கயிறு பாய்ந்து கல்லை அடித்துக்கொண்டு போனதை மூன்று பேரும் பார்த்தார்கள். அப்புறம் குனிந்து மேஜைக்கு அடியிலிருந்து சட்டத்தை எடுத்தேன். தங்கக் கை "அது வந்து..." என்று தொடங்கி நிறுத்தினார். ஃபிலிமைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, காற்றுக்குமிழ் ஒன்றுகூட ஒட்டாமல் விரலால் நீவிவிட்டு, அழுத்தினேன். கல் சிலிர்த்தது. உட்கார்ந்துகொண்டது.

டைரக்டர் குனிந்து ஃபிலிமைப் பார்த்தார்.

"ஃபிலிம் சத்தத்தையே தடுக்குதோ என்னவோ" என்றார் டைரக்டர்.

ஊசி மைக்கை ஃபிலிமுக்குப் பின்னால் இறக்கினேன். அழுத்தினேன். திரையில் வந்த எண்ணைக் காட்டினேன். ஃபிலிமை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினேன். அதே எண்.

"சத்தம் முழுசா போகுது சார். தண்ணிதான் போகல. உடம்புக்குள்ள ஓடை கிளம்ப இடமே கிடையாது. அங்க நடக்கப்போறது இதுதான்." சிலிர்த்த கல்லைக் காட்டினேன். "நம்ம வீடியோல இருக்கிற ஓட்டம் தண்ணியோடது."

டைரக்டர் தங்கக் கையைப் பார்த்தார். தங்கக் கை தொட்டியைப் பார்த்தார். "அவ சொல்றது சரிதான்" என்றார், யாரிடமோ சொல்வது போல. அதை அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நன்றி சொல்லவும் தோன்றவில்லை.

டாக்டர் மட்டும் குனிந்தபடியே இருந்தார். கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார். "கல்லு நகரல. சரி. இது என்ன? இந்தக் கடுகு மாதிரி இருக்கிறது. மறுபடி அழுத்தும்மா."

ஃபிலிமை வைத்துவிட்டு அழுத்தினேன். துணுக்குகள் தத்தி ஓடின. நான் வடிகட்டிக் கொட்டிக்கொண்டிருந்த அதே சனியன்கள். விளக்கு எரிந்த அதே கணத்தில், ஒரு சிமிட்டல்கூடத் தாமதிக்காமல்.

"இது தண்ணியா?"

"இல்ல சார்." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "இது சத்தம்தான். தள்ளு கல்லோட முகப்புக்கு ஏத்த மாதிரி விழுது. எடை மொத்த உருவத்துக்கும் சேருது. கல்லு சின்னதாக ஆக எடைதான் வேகமா குறையும். அதனால பெருசு நகராது, துணுக்கு ஓடும்."

"கல்லை உடைச்சதுக்கப்புறம் மூலைல தங்கிடற தூளுதான் எனக்குத் தலைவலி" என்றார் டாக்டர். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "அதுவே திரும்பக் கல்லாகி, திரும்ப என்கிட்டதான் வருவாங்க. பெரிய கல்லை நகர்த்தறேன்னு நீங்க சொல்லியிருந்தா நானும் நம்பியிருப்பேன்." டைரக்டரிடம் திரும்பினார். "நோயாளிங்க பக்கமே இப்ப வர வேண்டாம். இந்தத் தூளை மட்டும் ஒழுங்கா அளந்து காட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்."

"பார்க்கலாம்" என்றார் டைரக்டரும். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இரண்டு பேரும் வெளியே போனார்கள். யாருக்கும் கேக் இல்லை.

சனிக்கிழமை சித்தப்பாவை நானே இழுத்துக்கொண்டு போய்த் தேதி வாங்கினேன். அந்த நர்ஸ்தான் இருந்தாள்.

"மெஷின் என்னாச்சு?" என்று கேட்டாள்.

"உடைச்சுட்டு வரச் சொல்லுது" என்றார் சித்தப்பா. "தூளா இருந்தாத்தான் தொடுமாம். எங்க வீட்டுப் பொண்ணு மாதிரியே அதுக்கும் திமிரு."

திங்கட்கிழமை வாசலில் அட்டையை எடுத்துக்கொண்டு நின்றேன். காவலாளி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா என்று முதலில் பார்த்தேன். அவர் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்தார், அதிலிருந்து எதுவும் தெரியவில்லை. அட்டையை வைத்தேன்.

பச்சை.

ஒப்பந்தத்தை நீட்டியதை அந்த விளக்கு மட்டும்தான் சொன்னது. தங்கக் கை இன்னும் மேல்மாடியில்தான் இருக்கிறார். அவருக்கும் வேலை போகவில்லை, பேரும் போகவில்லை. கல் எவ்வளவு தூரம் ஓடியது என்று அவர் வரைந்து சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் இடத்தில் இரண்டு ஆணி மட்டும் இருந்தது. அவ்வளவுதான் மாற்றம். ஒரு மன்னிப்பு வரும் என்று நானும் காத்திருந்தேன், வெட்கமில்லாமல்.

பத்து மணிக்கு ஸ்டோர் அக்கா ஜன்னலைத் தட்டிக் கூப்பிட்டாள். ஒரு பெரிய அட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"மேல்மாடி சார் அவசரமா ஆர்டர் போட்டது. வெளிநாட்டுச் சரக்காம். உன் மேஜைக்குன்னு எழுதியிருக்கு."

திறந்து பார்த்தேன். சுருள் சுருளாக மெல்லிய, நிறமில்லாத ஃபிலிம்.

"ஏண்டி, இது நீ கடையில வாங்குனதுதானே?"

விரலில் தேய்த்துப் பார்த்தேன். "இல்லக்கா. அது இன்னும் மெல்லிசு" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் அளந்து பார்க்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.